கப்பல் வராத ஆண்டில் செவ்வாய்

செவ்வாயின் தரையிலிருந்து இதுவரை ஒரு சிட்டிகை மண்கூடப் பூமிக்கு எடுத்துவரப்படவில்லை. விண்கல்லாகத் தானே வந்து விழுந்தவை வேறு கணக்கு. 2021 பிப்ரவரியில் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி, பாறைகளைக் குடைந்து சிறு குழாய்களில் அடைத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றைத் திரும்பக் கொண்டுவர 1,100 கோடி டாலர்வரை ஆகும், அதுவும் 2040இல்தான் கைக்கு வரும் என்று கணக்கு வந்தபோது, இது கட்டுப்படியாகாது என்று 2024 ஏப்ரலில் நாசாவே சொல்லிவிட்டது. சில நூறு கிராம் கல்லைக் கொண்டுவரும் காரியம் இப்படி இழுபறியாகக் கிடக்க, அதே கோளில் பத்து லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு வரைபடங்களும் கால அட்டவணைகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

எழுபது ஆண்டுகளில் வந்த செவ்வாய்த் திட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று உறைக்கிறது. போய்ச்சேரும் வழியைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். போன இடத்தில் குடித்தனம் நடத்துவதைப் பற்றி யோசித்தது சொற்பம். ராக்கெட்டின் எடை, எரிபொருளின் அளவு, பாதையின் வளைவு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். சமையலறையும் கழிவறையும் பிரசவ அறையும் ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனர் எலான் மஸ்க் ஒரு நல்ல அளவுகோலை அடிக்கடி சொல்வார்: பூமியிலிருந்து வரும் கப்பல்கள் ஏதோ காரணத்தால் நின்றுபோனால் அந்த ஊர் அழிந்துபோகுமா, தாக்குப்பிடிக்குமா? மற்றதெல்லாம் முகாம், இதில் தேறினால்தான் குடியேற்றம். அவர் கொடுத்த அளவுகோலையே எடுத்துக்கொண்டு எல்லாத் திட்டங்களையும், அவருடையதையும் சேர்த்து, அளந்து பார்க்கலாம்.

முறையான திட்டம் முதலில் போட்டவர் வெர்னர் ஃபான் பிரவுன். ஹிட்லரின் ஜெர்மனிக்கு வி-2 ஏவுகணையைச் செய்து கொடுத்து, போர் முடிந்ததும் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர். டெக்சாஸ் ராணுவ முகாமில் இருந்தபோது செவ்வாய்ப் பயணம் பற்றி ஒரு நாவல் எழுதினார். நாவல் அப்போது அச்சேறவில்லை, அதற்குப் பின்னிணைப்பாக வைத்திருந்த கணக்குகள் மட்டும் 1952இல் ஜெர்மனியில் தனி நூலாக வந்தன. (அந்த நாவலில் செவ்வாயின் ஆட்சித் தலைவருக்கு எலான் என்று பட்டம். தற்செயல்தான்.) பத்துக் கப்பல்கள், 70 பேர். அந்தக் கப்பல்களைப் பூமியின் சுற்றுப்பாதையில் வைத்துப் பூட்டுவதற்கு மூன்றடுக்கு ராக்கெட்டுகள் 950 தடவை மேலே போய்வர வேண்டும். செவ்வாயை அடைந்ததும் முதல் குழு இறக்கை வைத்த ஊர்தியில் மிதந்து வந்து துருவப் பனியின்மேல் சறுக்கி இறங்கும். அங்கிருந்து வண்டிகளில் 6,000 கிலோமீட்டருக்கு மேல் நிலநடுக்கோடு வரை போய், பின்னால் வருகிறவர்களுக்கு ஓடுபாதை போட்டு வைக்கும். கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு. இன்று பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. அவரைக் கைவிட்டது காற்று. 1965 ஜூலையில் மரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போனபோது, அங்கே வளிமண்டல அழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது. ஃபான் பிரவுன் வைத்த கணக்கில் பத்தில் ஒரு பங்கையும் எட்டாத காற்று. இறக்கைக்கு அதில் பிடிமானமே கிடையாது.

அதற்குப் பிறகு வந்தவற்றில் பாதிக்கு மேல் அரசியல் மேடையில் பிறந்து கருவூல வாசலில் மடிந்தவை. அப்போலோ 11 நிலவில் இறங்கிய 20ஆம் ஆண்டு நாளில், 1989 ஜூலை 20 அன்று, அமெரிக்க அதிபர் மூத்த புஷ் செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்புவோம் என்று அறிவித்தார். மூன்று மாதத்தில் அதற்கு ஒரு செலவுக் கணக்கும் தயாரானது: ஏறக்குறைய 50,000 கோடி டாலர். அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் தொகையைப் பார்த்து எரிச்சலடைந்த ஒரு பொறியாளர்தான் இந்தத் துறையின் போக்கையே மாற்றினார். மார்ட்டின் மாரியெட்டா நிறுவனத்தில் இருந்த ராபர்ட் சூப்ரின், டேவிட் பேக்கருடன் சேர்ந்து 1990இல் முன்வைத்த திட்டத்தின் சூட்சுமம் எளியது. திரும்பி வருவதற்கான எரிபொருளை இங்கிருந்து ஏன் சுமக்க வேண்டும்? ஆளில்லாக் கலம் ஒன்றை ஆறு டன் ஹைட்ரஜனோடு முன்கூட்டியே அனுப்பு. செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. இரண்டையும் வினைபுரிய வைத்தால் மீத்தேனும் தண்ணீரும். தண்ணீரைப் பிரித்தால் ஆக்சிஜன். நூறாண்டு பழமையான சபாட்டியே வினைதான். ஆறு டன் போட்டு நூறு டன்னுக்கு மேல் எரிபொருள் எடுக்கலாம். டேங்க் நிரம்பிவிட்டது என்று சேதி வந்த பிறகே மனிதர்கள் கிளம்புவார்கள். இன்று வரும் எந்தச் செவ்வாய்த் திட்டத்திலும் இந்தக் கருத்தின் சாயல் இருக்கும். மஸ்கின் ஸ்டார்ஷிப் ராக்கெட் மீத்தேனில் ஓடுவதற்கும் இது ஒரு காரணம்.

மார்ஸ் ஒன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012இல் நெதர்லாந்திலிருந்து அறிவிப்போடு வந்த நிறுவனம். போக மட்டும் டிக்கெட், திரும்பி வருவது கிடையாது. நால்வரை அனுப்ப 600 கோடி டாலர். பணம் தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சியிலிருந்து வரும். இரண்டு லட்சம் பேர் விண்ணப்பித்ததாக நிறுவனம் சொல்லிக்கொண்டது. 2019 ஜனவரியில் திவாலானது. அதனால் விளைந்த ஒரே நன்மை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஓர் ஆய்வு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மஸ்க் 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் தன் திட்டத்தை வெளியிட்டார். ஒரு கப்பலில் நூறு பேர். டிக்கெட் விலையை இரண்டு லட்சம் டாலர் அளவுக்குக் கொண்டுவருவது. 40 முதல் 100 ஆண்டுகளுக்குள் தன் காலில் நிற்கும் நகரம். மறு ஆண்டு அடிலெய்டில் தேதியும் குறித்தார்: 2022இல் சரக்கு, 2024இல் மனிதர்கள். இரண்டு தேதியும் வந்து போய்விட்டன. ஆனால் அவரை வெறும் வாய்ச்சவடால்காரர் என்று ஒதுக்கவும் முடியாது. 2023 ஏப்ரலில் முதல் முறை முழுதாகக் கிளம்பி வெடித்துச் சிதறிய அதே வகை ராக்கெட்டின் கீழடுக்கை, 2024 அக்டோபரில் ஏவுதளக் கோபுரத்தின் இரும்புக் கைகள் வானத்திலேயே பிடித்தன. தேதியில் கோட்டை விட்டாலும் இரும்பு வேலையில் சாதித்துக் காட்டுகிற ஆள். சீனா தன் பங்குக்கு 2033இல் தொடங்கி மனிதர்களை அனுப்பும் உத்தேச அட்டவணை ஒன்றை 2021இல் சொன்னது. ஐக்கிய அரபு அமீரகம் 2117 என்று வைத்திருக்கிறது. நூறாண்டு தள்ளிப் போட்ட அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏன் செவ்வாய்? பக்கத்தில் வேறு இடம் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். வெள்ளியின் தரையில் ஈயம் உருகும் சூடு. 1982இல் இறங்கிய சோவியத் வெனீரா 13 இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு ஓய்ந்தது. நிலவு பக்கம், ஆனால் அங்கே கார்பனும் நைட்ரஜனும் அரிது. பெரும்பாலான இடங்களில் இரவு இரண்டு வாரம் நீளும். செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். நிலத்தடியில் பனிக்கட்டி ஏராளம். யுடோப்பியா சமவெளிக்கு அடியில் மட்டும் சுப்பீரியர் ஏரியின் தண்ணீர் அளவுக்கு இருக்கலாம் என்று 2016இல் ரேடார் அளவீடுகள் காட்டின. பட்டியல் போட்டால் செவ்வாய் தேறுகிறது. மற்றவை அதைவிட மோசம் என்பதால் தேறுகிறது.

பயணச் சிக்கல்களில் இரண்டைச் சொல்லாமல் தாண்ட முடியாது. முதலாவது, இறங்குவது. அங்குள்ள காற்று உராய்ந்து எரிக்கும் அளவுக்கு உண்டு. பாராசூட்டால் வேகத்தை முழுதாகத் தணிக்கும் அளவுக்கு இல்லை. இதுவரை பத்திரமாக இறங்கியவற்றில் கனமானது பெர்சிவரன்ஸ்தான், ஒரு டன் சொச்சம். மனிதர் தங்கும் கூடமும் கருவிகளும் இறங்க வேண்டுமானால் ஒரே மூச்சில் இருபது டன். இரண்டாவது, கதிர்வீச்சு. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி போகும் வழியிலேயே அளந்துகொண்டு போனது: பயணத்தில் நாளொன்றுக்கு 1.8 மில்லிசீவர்ட், தரையில் 0.64. ஐந்நூறு நாள் தங்கித் திரும்பினால் மொத்தம் ஏறக்குறைய 1,000 மில்லிசீவர்ட். ஒரு விண்வெளி வீரர் தன் பணிக்காலம் முழுவதற்கும் பெறலாம் என்று நாசா வைத்திருக்கும் உச்சவரம்பு 600.

திரும்பி வருகிறவருக்கே இந்தக் கதி என்றால், அங்கேயே இருக்கப்போகிறவர் ஆண்டுக்கு வாங்குவது பூமியில் சராசரி மனிதர் இயற்கையாகப் பெறுவதைப்போல நூறு மடங்கு. எனவே மண்ணுக்கடியில், சில மீட்டர் ஆழத்தில், அல்லது பழைய எரிமலைக் குகைகளில்தான் வாழ வேண்டும். விளம்பரப் படங்களில் வரும் கண்ணாடிக் குவிமாடம், அதற்குள் மரம், மரத்தடியில் குழந்தை என்பதெல்லாம் ஓவியரின் தாராளம். குவிமாடத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே பூமியின் காற்றழுத்தம், வெளியே ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒவ்வொரு சதுர மீட்டரையும் பத்து டன் விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இங்கே கூரை இடிந்து விழாமல் பார்த்துக்கொள்கிறோம். அங்கே அது பிய்த்துக்கொண்டு பறக்காமல் கட்டிப்போட வேண்டும்.

இனி மூச்சுக் காற்று. பெர்சிவரன்ஸ் ஊர்திக்குள் மாக்ஸி என்றொரு பெட்டி இருந்தது. கரியமில வாயுவை உறிஞ்சி, 800 டிகிரிக்குச் சூடாக்கி, மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுப்பது அதன் வேலை. 2021 ஏப்ரல் 20 அன்று முதன்முதலாக 5.4 கிராம் எடுத்தது. வேறொரு கோளின் காற்றிலிருந்து மனிதன் சுவாசிக்கத் தக்க ஒன்றைப் பிரித்தெடுத்த முதல் தருணம் அது. 2023இல் ஓய்வுபெறும் வரை 16 முறை ஓடி மொத்தம் 122 கிராம். ஒரு மனிதருக்கு நாளைக்கு 840 கிராம் ஆக்சிஜன் தேவை என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு ஆண்டு உழைப்பு ஒருவருக்கு மூன்றரை மணி நேரம் காணும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்முறை உண்மையிலேயே வேலை செய்கிறது, பெரிதாக்கினால் இன்னும் நன்றாகச் செய்யும். நால்வர் செவ்வாயிலிருந்து மேலெழும்ப 25 டன் ஆக்சிஜன் வேண்டும் என்பது நாசாவின் கணக்கு. 122 கிராமுக்கும் 25 டன்னுக்கும் இடையே இருப்பது பொறியியல் தூரம். பணமும் காலமும் கொடுத்தால் கடந்துவிடலாம்.

கடக்க வழி தெரியாத தூரம் வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அரிசோனா பாலைவனத்துக்கு, ஆரக்கிள் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். உள்ளே குட்டி மழைக்காடு, குட்டிக் கடல், சதுப்பு நிலம், வயல். டெக்சாஸ் கோடீஸ்வரர் எட்வர்ட் பாஸின் பணம். இரண்டு ஆண்டு, வெளியிலிருந்து காற்றோ சோறோ வராமல் வாழ்ந்து பார்ப்பது. சில நாட்களிலேயே ஜேன் பாயின்டர் நெல் இயந்திரத்தில் விரல் நுனியைக் கொடுத்துவிட்டு, அறுவை சிகிச்சைக்காக வெளியே போய்வர வேண்டியிருந்தது. செவ்வாயில் அந்த விரல் என்னவாகும் என்பது தனிக் கேள்வி. விளைந்ததைத்தான் தின்ன வேண்டும் என்பதால் அன்றாடம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சிலருக்குத் தோலே ஆரஞ்சு நிறமாகிவிட்டது. எல்லோரும் இளைத்தார்கள். தேனீக்களும் மற்ற மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளும் பெரும்பாலும் செத்தன. யாரும் கூப்பிடாமல் உள்ளே வந்த ஓர் எறும்பினமும் கரப்பான்களும் தழைத்தன.

இதற்கிடையே ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்தது. 20.9 சதவீதத்தில் தொடங்கியது, பதினாறு மாதத்தில் 14.2க்கு இறங்கியது. நாலாயிரம் மீட்டர் உயர மலையில் நிற்பதற்குச் சமம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, ராத்திரியில் மூச்சுத் திணறி விழித்துக்கொண்டார்கள், எளிய கூட்டல் கணக்குத் தடுமாறியது. எங்கே போகிறது ஆக்சிஜன்? பாதிப் பதில் சீக்கிரம் கிடைத்தது. பயிர் செழிக்க வேண்டும் என்று வயலில் தொழுஉரத்தைத் தாராளமாகக் கொட்டியிருந்தார்கள். மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவாக விட்டன. ஆனால் அப்படியானால் அந்தக் கரியமில வாயு கூடியிருக்க வேண்டும். கூடியது போதவில்லை. அது சுவரில் ஒளிந்திருந்தது. கட்டடத்தின் கான்கிரீட் கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. அதோடு ஆக்சிஜனும் சிறைப்பட்டது. 1993 ஜனவரியில் டாங்கர் லாரிகளில் ஆக்சிஜன் கொண்டுவந்து உள்ளே விட்டார்கள்.

இதை அன்றைய பத்திரிகைகள் மோசடி என்று எழுதின, கேலி செய்தன. எனக்கு இதைவிடப் பயனுள்ள செவ்வாய் ஆய்வு ஒன்று நடந்ததாகத் தோன்றவில்லை. எட்டுப் பேர், தேர்ந்த நிபுணர்கள், பூமியின் ஈர்ப்பு, பூமியின் வெயில், சுவருக்கு வெளியே லாரி நிற்கும் சாலை. இத்தனை இருந்தும் சுவரின் சுண்ணாம்பு அவர்களை வீழ்த்தியது. உயிர்க்கூட்டம் ஒன்றை அடைத்து வைத்தால் எதிலிருந்து தொல்லை வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் அறிவு அப்போது இல்லை, இப்போதும் இல்லை. அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய, மனிதர்கள் முழுதாகச் சார்ந்திருந்த அடைப்புச் சோதனை எதுவும் நடக்கவில்லை. 2010–11இல் மாஸ்கோவில் ஆறு பேரை 520 நாள் அடைத்து வைத்ததும், 2023 ஜூன் முதல் ஓராண்டுக்கு மேல் ஹூஸ்டனில் நால்வரைப் பூட்டி வைத்ததும் பெரும்பாலும் மனநிலையையும் உடல்நிலையையும் பார்த்த சோதனைகள். 

மார்ஸ் ஒன் பற்றிய எம்ஐடி ஆய்வு 2014இல் பயோஸ்பியர் 2இல் நேர்ந்ததற்கு நேரெதிரான ஆபத்தைக் காட்டியது. மனிதர் வாழும் கூடத்திலேயே அவர்களுக்கு வேண்டிய பயிர் முழுவதையும் வளர்த்தால் ஆக்சிஜன் மிதமிஞ்சும். ஒரு தீப்பொறி போதும். மிஞ்சியதை வெளியேற்றலாம் என்றால், அதை மட்டும் பிரித்து வெளியேற்றும் கருவி விண்வெளிக்கென்று அப்போது செய்யப்பட்டிருக்கவில்லை. கூடவே நைட்ரஜனும் போய், அழுத்தம் குறைந்து, 68ஆம் நாள் வாக்கில் முதல் சாவு. பயிர் சாகாததால் மனிதர் சாகும் விந்தை. மார்ஸ் ஒன் நிறுவனம் ஊகங்கள் தவறு என்று மறுத்தது. ஆனால் அதே ஆய்வில் இருந்த இன்னொரு எண் பெரிதாகப் பேசப்படவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: குடியேற்றம் தொடங்கிச் சுமார் பதினோராவது ஆண்டில், பூமியிலிருந்து வரும் சரக்கில் 62 சதவீதம் உதிரி பாகங்களாக இருக்கும்.

விளங்கச் சொன்னால்: ஆட்கள் கூடக் கூட, இயந்திரங்கள் கூடுகின்றன, இயந்திரங்கள் கூடக் கூட, அவற்றின் வாஷரும் வால்வும் பம்பும் வடிகட்டியும் தேவைப்படுகின்றன. பூமிக்கு மேலே 400 கிலோமீட்டரில் இருக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் 2023இல் தண்ணீரில் 98 சதவீதத்தை மறுசுழற்சி செய்து காட்டியது. பெரிய சாதனை. அந்த எந்திரத்தையே பழுதுபார்க்கும் சாமான் ஆண்டில் பல தடவை கீழிருந்து போகிறது என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். எட்டு நாளுக்கென்று அங்கே போன சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் இருந்துவிட்டு 2025 மார்ச்சில் இறங்கினார். நிலையத்தில் சோறும் காற்றும் இருந்ததால் அது சங்கடமாக முடிந்தது, விபத்தாக முடியவில்லை. செவ்வாய்க்குப் பாதை திறப்பது 26 மாதத்துக்கு ஒரு முறை. ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டு ஆண்டு தள்ளி, போய்ச்சேர அதற்கு மேல் ஆறேழு மாதம். ‘வால்வு போய்விட்டது’ என்று சொன்னால் சேதி பூமிக்கு வரவே மூன்று முதல் 22 நிமிடம்.

1587இல் இங்கிலாந்து அமெரிக்காவின் ரோனோக் தீவில் நூற்றுச் சொச்சம் பேரைக் குடியமர்த்தியது. சாமான் வாங்கிவரப் போன ஆளுநர் ஜான் ஒயிட், ஸ்பெயினுடன் போர் மூண்டதால் மூன்று ஆண்டு கழித்துத்தான் திரும்பினார். ஊரில் ஒருவரும் இல்லை. என்ன ஆனார்கள் என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. இத்தனைக்கும் அங்கே மரம் இருந்தது, மீன் இருந்தது, மூச்சுக் காற்று இலவசம்.

தன் காலில் நிற்கும் நகரம் என்றால் கணினிச் சில்லும் மருந்தும் கண்ணாடியும் எஃகும் அங்கேயே செய்ய வேண்டும். ஒரு சில்லைச் செய்யப் பூமியில் எத்தனை நாடுகள், எத்தனை சுரங்கங்கள், எத்தனை லட்சம் பேர் கைகோக்கிறார்கள் என்று பார்த்தால் மஸ்க் சொல்லும் பத்து லட்சம் என்ற எண் மிகையாகத் தோன்றாது, குறைவாகத்தான் தோன்றும்.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக. 2008இல் துருவத்தருகே இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் மண்ணைத் தண்ணீரில் கலக்கிப் பார்த்தபோது அதில் பெர்குளோரேட் உப்பு அரை சதவீத அளவுக்கு இருந்தது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் உப்பு. தண்ணீரில் கரையும் என்பதால் மண்ணைக் கழுவிப் பயிரிடலாம். ஆனால் அது தூசியாக எங்கும் நுழையும், உடையில் ஒட்டும், உள்ளே வரும். 2018இல் கோள் முழுவதையும் மூடிய தூசிப் புயலில்தான், 90 நாளுக்கென்று போய்ப் பதினாலு ஆண்டு உழைத்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி வெயில் கிடைக்காமல் அடங்கிப்போனது. சூரியத் தகடுகளை நம்பி ஊரை அமைக்க முடியாது, அணு உலை வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வது இதனால்.

செவ்வாயையே பூமியாக மாற்றிவிடலாமே என்பவர்களுக்கு 2018இல் ஒரு பதில் வந்தது. புரூஸ் ஜக்கோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் இருபது ஆண்டு விண்கல அளவீடுகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். எளிதில் எட்டும் கரியமில வாயு முழுவதையும் விடுவித்தாலும் காற்றழுத்தம் இன்றுள்ளதைப் போல மூன்று மடங்காகலாம்; அப்போதும் அது பூமியில் உள்ளதில் ஐம்பதில் ஒரு பங்கு. மீதிக் காற்று கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்வெளிக்குக் கசிந்து போய்விட்டது.

பூமிக்கு ஏதாவது ஆனால் மனித குலத்துக்கு ஒரு மாற்று வீடு வேண்டும் என்ற வாதம்தான் இந்தத் திட்டங்களுக்கெல்லாம் உணர்ச்சி தருவது. இதை நான் மதிக்கிறேன், ஒப்புக்கொள்ள முடியவில்லை. டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த மறுநாளும் பூமியில் ஆக்சிஜன் இருந்தது, கடல் இருந்தது, கதிர்வீச்சைத் தடுக்கும் காந்தப்புலம் இருந்தது. செவ்வாயின் மிக நல்ல நாளைவிட அது மேல். தவிர, கப்பல் நின்றால் சாகும் ஊர், பூமி அழிந்தால் அதற்கு அடுத்ததாக அழியுமே தவிர மாற்றாக நிற்காது.

இன்னொரு பக்கத்திலிருந்து உயிரியலாளர்களின் கவலை. செவ்வாயில் உயிர் இருந்ததா, இருக்கிறதா என்பது தெரியுமுன் மனிதர் போய்விட்டால், அவர் உடம்போடு போகும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்தக் கேள்விக்கு இனி விடையே கிடைக்காமல் செய்துவிடும். ஆளில்லாக் கலங்களைக் கிருமி நீக்கி அனுப்பலாம். மனிதரை அப்படி அனுப்ப வழியில்லை. அறிவியலுக்காக மட்டும் என்றால் கருவிகளே போதும் என்பவர்கள் கைவசம் வலுவான சான்றுகள் உண்டு. 450 கோடி ரூபாயில் இஸ்ரோ அனுப்பிய மங்கள்யான், தமிழ்நாட்டின் கோதைச்சேரியில் பிறந்த சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருக்க, 2014 செப்டம்பரில் முதல் முயற்சியிலேயே செவ்வாயின் சுற்றுப்பாதையில் நின்று, ஆறு மாதத்துக்கென்று போனது எட்டு ஆண்டு தாக்குப்பிடித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? 1967இன் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் வேற்றுக்கோளில் நிலத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. தனியார் செய்வதற்கும் அவர்களுடைய நாடே பொறுப்பு. ஆனால் ஸ்பேஸ்எக்ஸ் தன் ஸ்டார்லிங்க் இணைய சேவையின் ஒப்பந்த விதிகளில், செவ்வாய் சுதந்திரமான கோள், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரம் இல்லை என்ற பொருளில் ஒரு பிரிவைச் சேர்த்தது. இணையத்துக்குச் சந்தா கட்டுகிறவர் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தி இன்னொரு கோளின் ஆட்சியுரிமை பற்றிக் கையெழுத்திடுகிறார் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. சிரித்துத் தள்ள முடியாத விஷயம், காற்று யாருடையது என்பது. பயோஸ்பியர் 2இல் இரண்டாவது குழு உள்ளே இருந்தபோது, 1994 ஏப்ரலில், பணம் போட்ட முதலாளி நிர்வாகத்தை நீதிமன்ற ஆணையோடு வெளியேற்றிவிட்டுப் புதிய மேலாளரை வைத்தார். (பிற்பாடு டிரம்பின் ஆலோசகராக இருந்த ஸ்டீவ் பேனன்தான் அவர்.) சில நாளில் முதல் குழுவைச் சேர்ந்த இருவர் ராத்திரியில் வந்து, உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து என்று சொல்லிக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வெளியே நடந்த கம்பெனிச் சண்டையில் உள்ளே அடைத்து வைத்திருந்த காற்று போயிற்று. அரிசோனாவில் கதவைத் திறந்தால் வெளியே காற்று இருந்தது.

டிக்கெட்டுக்குப் பணமில்லாதவர்களுக்குக் கடன் கொடுக்கலாம், அங்கே வேலை நிறைய இருக்கும் என்று மஸ்க் 2020இல் சொன்னார். தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. வழிச்செலவைக் கடனாகக் கொடுத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோன கங்காணி முறையில், லயக் குடியிருப்பும் அரிசியும் மருத்துவரும் தோட்டத்துடையவை. தொழிலாளியின் கடன் எழுதிய துண்டுச் சீட்டை இன்னொரு தோட்டம் பணம் கொடுத்து மீட்டால்தான் அவர் இடம் மாற முடியும். 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. அங்கிருந்துகூட ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனவர்கள் உண்டு. கப்பல்கள் எப்படியும் திரும்பித்தானே ஆக வேண்டும், திரும்பி வர விரும்புகிறவர் இலவசமாக வரலாம் என்று மஸ்க் சொல்லியிருக்கிறார். அந்த வாக்குறுதி அங்கே எரிபொருள் தயாரிக்கும் ஆலை ஓடுவதைப் பொறுத்தது, ஆலை கம்பெனியுடையது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில், எந்தத் திட்டமும் நின்று பேசாத ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே பிள்ளை பிறக்குமா?

அண்டார்டிகாவில் ஆறு பத்தாண்டுக்கு மேலாக மனிதர்கள் தொடர்ந்து இருக்கிறார்கள். இந்தியாவுக்கே மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள். ஆனால் யாரும் அங்கே குடியிருப்பதாகச் சொல்வதில்லை, ஏனென்றால் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். 1978 ஜனவரியில் எமிலியோ பால்மா என்ற குழந்தை அங்கே பிறந்தது. அர்ஜென்டினா தன் உரிமையை நாட்டிக்கொள்ளக் கர்ப்பிணித் தாயை எஸ்பெரான்சா முகாமுக்குக் கொண்டுபோய்ப் பெற வைத்தது. அடுத்தடுத்து இன்னும் சில குழந்தைகள் பிறந்தன. ஊர் உண்டாகவில்லை. முகாம் ஊராக வேண்டுமென்றால் அங்கேயே பிறந்து, வளர்ந்து, பெற்று, சாகிற மூன்று தலைமுறை வேண்டும்.

செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 சதவீதம். அதில் ஒரு கரு எலும்பு பிடிக்குமா, குழந்தைக்கு இதயமும் உட்காதின் சமநிலை உறுப்பும் சரியாக அமையுமா, அங்கே வளர்ந்த பெண்ணின் இடுப்பெலும்பு பிரசவம் தாங்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் இருப்பது துண்டு துணுக்கு. 1983இல் சோவியத் யூனியன் காஸ்மோஸ் 1514இல் சினை எலிகளை ஐந்து நாள் சுற்றவிட்டு இறக்கியது. அவை பூமியில் ஈன்றன. ஜப்பானியர் எலிக் கருக்களை விண்வெளி நிலையத்தில் நான்கு நாள் வளர்த்துப் பார்த்தார்கள். தொடக்கப் படியைத் தாண்டின. இரண்டும் ஈர்ப்பு ஏறக்குறைய இல்லாத நிலையில். செவ்வாயின் 38 சதவீதத்தில் ஒரு பாலூட்டி கருத்தரித்து ஈன்று குட்டி வளர்த்ததில்லை. கெல்லி வைனர்ஸ்மித்தும் சாக் வைனர்ஸ்மித்தும் 2023இல் எழுதிய ‘எ சிட்டி ஆன் மார்ஸ்’ நூலில் மிகவும் அழுத்திச் சொல்லப்படும் இடம் இதுதான். விண்வெளிக் கனவோடு எழுதத் தொடங்கிச் சந்தேகவாதிகளாக முடித்த தம்பதி அவர்கள்.

வியப்பு என்னவென்றால், இதைச் சோதிப்பதற்குச் செவ்வாய்க்குப் போக வேண்டியதில்லை. சுற்றுப்பாதையில் ஒரு கலத்தை அளவான வேகத்தில் சுழற்றினால் வேண்டிய ஈர்ப்பு கிடைத்துவிடும். 2001 முதல் எம்ஐடி உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் பதினைந்து எலிகளைச் செவ்வாய் ஈர்ப்பில் ஐந்து வாரம் வைத்திருக்க ஒரு சிறு செயற்கைக்கோளை வடிவமைத்தார்கள். பணம் கிடைக்காமல் 2009இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே விண்வெளி நிலையத்துக்கென்று இரண்டரை மீட்டர் விட்டமுள்ள சுழலியைக் கொண்ட தனிக் கூடம் ஒன்றை ஜப்பான் கட்டிக்கொண்டிருந்தது. எலியையும் செடியையும் எந்த ஈர்ப்பிலும் மாதக்கணக்கில் வளர்த்துப் பார்க்கத் தக்கது. 2005இல் செலவைக் குறைக்க நாசா அதை ரத்து செய்தது. அண்மையில் ஜப்பானின் கிபோ கூடத்தில் ஒரு சின்னச் சுழலியை வைத்து வளர்ந்த எலிகளைச் சில வாரம் குறைந்த ஈர்ப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஈனும் சோதனை அதில் கிடையாது. ரத்தான அந்தப் பெரிய கூடத்தின் ஓடு இன்று சுகுபா விண்வெளி மையத்தில் பார்வையாளர்களுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 2026 கடைசியில் செவ்வாய்ப் பாதை மறுபடியும் திறக்கும், அடுத்தது 2029 தொடக்கத்தில். எதில் எந்தக் கலம் கிளம்பினாலும், செவ்வாய் ஈர்ப்பில் எலிகளின் பேரக்குட்டிகளைப் பார்க்கும் சோதனை எந்த அட்டவணையிலும் இல்லை.